தண்ணீர் வாங்கப் போனவள்

இளையராணியை உயிரோடு சுண்ணாம்புக் காளவாயில் போட வேண்டும் என்று அன்று மதியம் இரண்டு மணிக்குள் நானூறு பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். ரேணுகா சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தபோது முதல் பக்கம் முழுக்க அதுதான் இருந்தது, பின்கழுத்தில் சூடாக எதுவோ தொட்டது போல ஒரு கணம் இருந்தது, ஜன்னல் வழியாக விழுந்த வெயில்தான் என்று தெரிந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். பீளமேட்டில் இருக்கிற ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே செய்கிற வேலை, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை, 'காட்டரண்மனை' தொடருக்கு ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் படித்து, இருக்கலாம் என்றால் விட வேண்டும், கூடாது என்றால் மறைக்க வேண்டும். சின்ன வயதில் எல்லோரும் கேட்ட கதைகளில் வருகிறவர்களை ஒரே அரண்மனைக்குள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள் அந்தத் தொடரில், மாதுளம்பழத்துக்குள் இருந்து பிறந்தவள், வண்டுக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன், இரவில் சட்டையைக் கழற்றிவிட்டு மனுஷனாகிற பாம்பு இளவரசன், அப்புறம் அந்த இளையராணி. கதைகளில் அவள் மூத்தாள் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறவள், கடைசியில் காளவாயில் வேகிறவள். இந்தத் தொடரில் அவள் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறாள், நேற்று ராத்திரி ஒளிபரப்பான பகுதியில். அதற்குத்தான் இத்தனை கூத்து. "எங்க கதையைக் கெடுக்க நீங்க யாருடா" என்று ஒருவர், "அழுதுட்டேன், எங்க சித்தி ஞாபகம் வந்துருச்சு" என்று ஒருத்தி, "அந்த நடிகையைக் கடைத்தெருவில பாத்தா செருப்பு பிய்யும்" என்று இன்னொருவர். டீம் லீடர் பிரதீபா காலையிலேயே போன் செய்திருந்தாள், "அக்கா, கொலை மிரட்டல் மட்டும் எடுத்துடுங்க, மத்ததெல்லாம் கெடக்கட்டும், சண்டை போட்டாத்தான் நமக்கு நல்லது" என்று. காளவாய் மிரட்டலா இல்லையா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு மழைநாளில் ரோஸ்மேரி டீச்சர் அந்தக் கதையைச் சொன்னபோது, "அப்புறம் இளையாளைக் காளவாயில போட்டாங்க" என்ற இடத்தில் வகுப்பே கைதட்டியது, ரேணுகாவும்தான், உள்ளங்கை சிவக்கிற அளவுக்கு. வெந்தது யார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும், பின்னாளில் தன்னையும் ஒரு பிள்ளை சித்தி என்று கூப்பிடும் என்று யார் நினைத்தது.

மேல்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. இன்னும் ஓடுகிறதோ என்று தோன்றுகிற மாதிரி காதுக்குள் அது கொஞ்ச நேரம் தங்கியது. எல்லா நாளையும் போல்தான் இந்த மூன்று மணி நேரமும் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள், நாலே முக்காலுக்கு மிதுனா பள்ளிக்கூட வேனில் வந்து இறங்குவாள், பால் காய்ச்ச வேண்டும், ஆறரைக்குக் கனகராஜ் பம்ப் கம்பெனியிலிருந்து வருவார், அதற்குள் மாவை எடுத்து வெளியே வைக்க வேண்டும். சொல்லிக்கொண்டே விரல் வேறொன்றைத் தேடியது, அவளுக்குத் தெரியும் எதை என்று, எட்டு நாளாக அதைத்தான் தேடுகிறது. 'மாதுளம்பிஞ்சு' என்ற பெயர். படம் கிடையாது, வெறும் சாம்பல் வட்டம். முதல் தடவை அது எழுதியது போன வியாழக்கிழமை, இளையராணி பிள்ளையைக் காட்டில் உட்காரவைத்துவிட்டுப் போன பகுதிக்கு அடியில்: "பிள்ளைக்குத் தெரியும். போற கால் சத்தத்துலயே தெரியும், அது தண்ணி வாங்கப் போற சத்தமா, போயே போற சத்தமானு." அன்றைக்கு அதை வாசித்துவிட்டு ரேணுகா நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறை வரைக்கும் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறந்தாள், மூடினாள். இளையராணி தண்ணீர் வாங்கப் போகவில்லை. நாவற்பழம் பறித்து வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள், தொடரில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை, அவள் அந்தப் பகுதியை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டாள். தண்ணீர் என்று சொன்னது ரேணுகா. மூன்று வருஷத்துக்கு முன்னால், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், ஒன்பது வயதுப் பிள்ளையிடம். அதைக் கேட்டவள் உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

அவள் அந்தப் பக்கம் போக விரும்பவில்லை. அடுத்தடுத்த கமெண்டுகளுக்குப் போனாள், அரக்கனின் உயிர் வண்டில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது என்று ஒரு கல்லூரிப் பையன் நாற்பது வரி எழுதியிருந்தான், விட்டாள், பாம்பு இளவரசனைக் கட்டிக்கொள்ளத் தயார் என்று ஏழு பெண்கள், விட்டாள், நடிகையின் வீட்டு விலாசம் கேட்டு ஒருவன், மறைத்தாள். ஆனாலும் பஸ் ஸ்டாண்டின் டீசல் நாற்றம் அறைக்குள் வந்துவிட்டது, கல்யாணமாகி ஆறாவது மாதம், கனகராஜுக்கு லீவு கிடைக்கவில்லை, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, பழகின மாதிரியும் இருக்கும்" என்று வனபத்ரகாளியம்மன் கோயிலுக்கு அவர்தான் அனுப்பி வைத்தார். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பிள்ளை அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரம் ரேணுகா அசையாமல் இருந்தாள், தோள் மரத்துப்போனாலும் பரவாயில்லை என்று இருந்தாள், அப்போது பிள்ளை தூக்கத்தில் "அம்மா" என்றது. பிறகு கண்ணைத் திறந்து யார் தோள் என்று பார்த்தது. பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்து, சாய்ந்திருந்த கன்னத்தைப் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றும் இல்லை, பிள்ளை திட்டவில்லை, கடிக்கவில்லை, எச்சில் ஏதும் பட்டிருந்தால் துடைத்திருக்கும், யாராக இருந்தாலும் துடைத்துக்கொள்ளும். இதை யாரிடமாவது சொன்னால் இதற்காகவா என்று கேட்பார்கள். அவளே அவளைக் கேட்டாகிவிட்டது, ஆயிரம் தடவை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெஞ்சில் பிள்ளையை உட்காரவைத்து, "இங்கயே இரு கண்ணு, தண்ணி வாங்கிட்டு வந்தர்றேன்" என்றாள். சொல்லும்போது தண்ணீர் வாங்கத்தான் நினைத்தாள், சத்தியமாக. கடை வந்தது. கால் நிற்கவில்லை. கடையைத் தாண்டிப் போனது, கிளம்புகிற ஒரு பஸ்ஸில் ஏறியது, கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு வாய் ஏதோ ஊரைச் சொன்னது. ஜன்னலோரம் காற்று வந்தது. எத்தனை லேசாக இருந்தது என்பதுதான் இன்றைக்கும் அவளால் யாரிடமும் சொல்ல முடியாதது, கைப்பையைத் தவிர கையில் ஒன்றுமில்லாமல், யாருக்கும் யாராகவும் இல்லாமல். இரண்டு நிறுத்தம். மூன்றாவதில் இறங்கி வெயிலில் ஓடினாள்.

ஓடிவந்து பார்த்தால் பெஞ்சில் பிள்ளை இல்லை. அதையும் நினைத்தாகிவிட்டதா, சரி. கத்தினாள், கடைகடையாகப் பார்த்தாள், வெள்ளரிக்காய் விற்கிற அம்மா "பையனா புள்ளயா" என்று கேட்டாள், ரேணுகா அதற்குள் அடுத்த கடைக்கு ஓடியிருந்தாள். அப்புறம் டிக்கெட் கூண்டுப் பக்கமிருந்து மிதுனா நடந்து வந்தாள், ஓடவில்லை, நடந்து வந்தாள், அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு "தண்ணி எங்கீங்க சித்தி?" என்று கேட்டாள். "கடையில இல்ல கண்ணு." அன்று ராத்திரி கனகராஜ் கோயிலில் கூட்டமா என்று கேட்டார், இரண்டு பேரும் இல்லை என்றார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒருநாளும் அடம் பிடித்ததில்லை. தலை வாரும்போது சிக்கில் சீப்பு மாட்டி இழுத்தால்கூட ஆ என்று சொன்னதில்லை, கண்ணாடிக்குள்ளிருந்து அமைதியாக ரேணுகாவைப் பார்த்துக்கொண்டிருக்கும், காய்ச்சல் வந்தால் சொல்லாது, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பீளமேட்டு நாத்தனார் ஒரு வளைகாப்பில் எல்லோர் முன்னாலும் "எங்க ரேணு வளத்துற நேர்த்திக்கு, பெத்தவ இருந்தாக்கூட இப்படி அடக்கமா வந்திருக்காது" என்றாள், அடக்கம் என்ற அந்த வார்த்தை அவளுக்குள் ஒரு கல்லாக இறங்கியது. இப்போது பன்னிரண்டு வயது. ஆறு மாதமாகக் கையில் போன், அதற்கு ஒரு பூட்டு. அறைக்குள் உட்கார்ந்து காட்டரண்மனை பார்க்கிறாள், பார்த்துவிட்டு எதுவும் சொல்வதில்லை, "எப்படி இருக்குது?" என்று கேட்டால் "நல்லாருக்குதுங்க" என்பாள். மாதுளம்பிஞ்சு எழுதுவது எப்போதும் சாயங்காலம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில். மாதுளம்பிஞ்சு முயற்சி என்பதை 'முயற்ச்சி' என்று எழுதுகிறது. மிதுனாவின் தமிழ் நோட்டில் அதே எழுத்துக்குத்தான் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். பாதித் தமிழ்நாடு அப்படித்தான் எழுதுகிறது, இந்த வேலைக்கு வந்த பிறகு அவள் பார்க்காத பிழையா, ஆனாலும்.

மூன்று இருபதுக்கு அது வந்தது. சாயங்காலம் ஆகவில்லை, மிதுனா வகுப்பில் இருக்க வேண்டிய நேரம், இருந்தும் சாம்பல் வட்டம், பக்கத்தில் மாதுளம்பிஞ்சு. யாரோ புகார் கொடுத்திருந்ததால் அது வெளியே போகாமல் அவளுடைய வரிசையில் வந்து நின்றது, அவள் விட்டால்தான் உலகம் பார்க்கும். "திரும்பி வந்துட்டானு இளையராணியைப் பாதிப் பேர் மன்னிச்சுட்டீங்க. திரும்பறதுக்கு முன்னாடி எவ்வளவு தூரம் போனானு யாராச்சும் கேட்டீங்களா? அந்தத் தூரம் அப்படியேதான் இருக்கு. ஒரே வீட்டுல ஒரே தட்டுல சோறு போட்டாலும் நடுவுல அந்தத் தூரம் கெடக்கு." ரேணுகா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்தும் திரும்பி மிதுனாவின் அறைக் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது, காலையில் அவளே சாத்தியது. சாத்தினோமா. எழுந்து போய்த் திறந்தாள், கட்டிலில் மடித்த போர்வை, மேசையில் ஜியோமெட்ரி பாக்ஸ், சுவரில் மிதுனாவைப் பெற்ற வாசுகியின் படம், டெங்குவில் போனவள், இருபத்தொன்பது வயதில் நின்றுபோன முகம், அவளுக்குக் கீழே சார்ஜரில் மிதுனாவின் போன். பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், இங்கேதான் இருக்கும் என்பது தெரிந்ததுதான், அப்படியானால் இப்போது எழுதியது யார். போன் திரை தானாக ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. ஏதோ விளம்பரம், ரீசார்ஜ் செய்யச் சொல்லி. வாசுகி சிரித்துக்கொண்டிருந்தாள், எப்போதும் சிரிப்பதுதான், கண் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் கீழே, போனைப் பார்க்கிற மாதிரி. சீ, என்ன நினைப்பு இது என்று ரேணுகா கதவைச் சாத்தினாள். செத்தவர்கள் கமெண்ட் எழுத மாட்டார்கள். ஆனால் பார்த்திருப்பார்களே, பஸ் ஸ்டாண்டில், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று.

மறைத்துவிடலாம். ஒரு சொடுக்கு. மிரட்டல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, பிரதீபா கேட்டால் தவறுதலாகப் பட்டுவிட்டது என்று சொல்லலாம். அவள் விரலை அங்கே கொண்டுபோனாள், அப்படியே வைத்திருந்தாள், கீழே லிஃப்ட் கதவு இழுபடுகிற சத்தம் கேட்டது, யாரோ ஏறினார்கள், இந்த மாடியில் நிற்காமல் மேலே போனார்கள். விட்டுவிட்டாள். எதற்காக விட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை, மறைத்தால் வேறு எங்கேயாவது முளைக்கும் என்ற பயம்தான் கையைத் திருப்பியிருக்க வேண்டும். விட்ட இரண்டாம் நிமிஷம் அதற்கு அடியில் பதில்கள் வர ஆரம்பித்தன. "நானும்." "அரியலூர் சந்தை, எட்டு வயசு." "சேலம் ஜங்ஷன், புத்தகக் கடை வாசல்ல, பிஸ்கட் வாங்கியாறேன்னு போனாங்க." "எனக்கு சொந்த அம்மா. திருச்செந்தூர் கடற்கரை. திரும்பி வந்து அடிச்சாங்க, ஏன் இங்கயே இருந்தேனு." "நான் இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்லை." "பெரியாஸ்பத்திரி வராண்டா. தண்ணி வாங்கத்தான் எங்க சித்தியும் போனாங்க." தண்ணீர். மறுபடியும் தண்ணீர். இன்னொன்றிலும் தண்ணீர். அப்படியானால் எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள், எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாத ஒன்றை. பக்கம் தானாகக் கீழே நகர்ந்துகொண்டே இருந்தது, அறுபது, எண்பது, நூற்று இருபது, ஒவ்வொன்றும் ஒரு ஊர், ஒரு பெஞ்சு, ஒரு படிக்கட்டு, ஒரு தூண். அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போய் மீசை வைத்துக் கல்யாணம் கட்டி என்ன ஆகியிருந்தாலும் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்தது போல அவளுக்குத் தெரியவில்லை, தமிழ்நாடு முழுக்க பெஞ்சுகளில் பிள்ளைகள் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், இந்த வெயிலில், யாரும் யாரோடும் பேசாமல். அவர்கள் பார்க்கிற திசையில் அவள் இருந்தாள்.

நான்கு மணிக்குச் சற்று முன் மாதுளம்பிஞ்சு மறுபடி எழுதியது. "நிறையப் பேர் நான் யாருன்னு கேட்டுட்டீங்க. இது பேத்தி வெச்ச பேரு, போனும் அவளோடது, தினம் அவ டியூசன் போற நேரத்துல எனக்குக் கெடைக்கும், இன்னைக்கு அவளுக்கு லீவு, தூங்கறா, அதான் மத்தியானமே கெடைச்சுது. எனக்கு அறுபத்தொரு வயசு. லாரி பட்டறை வெச்சிருந்தேன், இப்ப மகன் பாக்குறான். மணப்பாறை மாட்டுச் சந்தையில என்னை உக்கார வெச்சுட்டுப் போனாங்க எங்க சின்னம்மா. பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்துட்டாங்க. அப்புறம் அம்பது வருசம் அவங்க கையாலதான் சாப்பிட்டேன். நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. போன மாசி மாசம் தவறிட்டாங்க. கடைசி வரைக்கும் அவங்களும் அதைக் கேக்கல, நானும் சொல்லல. ரெண்டு பேருமே முயற்ச்சி பண்ணல. அதான் இங்க வந்து எழுதினேன், தப்புன்னா எடுத்துருங்க." ரேணுகா இரண்டு தடவை வாசித்தாள். மிதுனா இல்லை. யாரோ ஒரு பட்டறைக்காரர், முழங்கையில் கிரீஸ் கறையோடு, பேத்தியின் போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு. மூச்சு வந்தது, எட்டு நாளாக மேல்நெஞ்சோடு நின்றிருந்த மூச்சு வயிறு வரைக்கும் இறங்கியது, அவள் சிரித்தேவிட்டாள், ஆளில்லாத வீட்டில் தன் சிரிப்பைக் கேட்டுப் பாதியில் நிறுத்தினாள். சரி, தப்பித்தோம். பிள்ளைக்குத் தெரியாது. ஒன்பது வயதில் என்ன தெரியும், தண்ணீர் கிடைக்கவில்லை என்றதும் நம்பியிருக்கும். அடுத்த கமெண்டுக்குப் போகலாம். போனாள். மூன்று கமெண்டுகள் படித்தாள், எதுவும் ஏறவில்லை, ஐம்பது வருஷம் என்ற வார்த்தை வந்து வந்து எழுத்துகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. ஐம்பது வருஷம் கையால் சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சின்னம்மா ஐம்பது வருஷம் போட்டிருக்கிறாள், தினமும், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டபடி, பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே.

நாலு ஐம்பதுக்கு வேன் ஹாரன் அடித்தது. செருப்பைக் கழற்றும் சத்தம், பை சோபாவில் விழும் சத்தம், முகம் கழுவும் சத்தம், மிதுனா வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாலை ஊதினாள். ரேணுகா லேப்டாப்பை மூடாமலே எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். "மிது, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாள். "சொல்லுங்க." "மேட்டுப்பாளையம் போனமே ஒருக்கா, கோயிலுக்கு. தண்ணி வாங்கிட்டு வர்றேன்னு உன்னை உக்கார வெச்சுட்டுப் போனேன்ல. தண்ணி வாங்கப் போகல கண்ணு. உன்னை விட்டுட்டுப் போயிட்டேன்." அவ்வளவு நாள் சுமந்தது இத்தனை சின்ன வாக்கியமாக வெளியே வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மிதுனா பால் டம்ளரைக் கீழே வைத்தாள், உதட்டுக்கு மேல் ஆடை ஒட்டியிருந்தது. "தெரியுங்க சித்தி" என்றாள். "பஸ்ல ஏறுனீங்க. பாத்தனே. ஜன்னல் சீட்டு." மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "அப்பாகிட்ட ஏன் சொல்லல?" "சொன்னா உங்களை அனுப்பிருவாங்கல்ல." பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற அதே குரலில் மிதுனா சொன்னாள், "நீங்க திரும்பி வந்ததையும் பாத்தேன். டிக்கெட் கூண்டுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். நீங்க என் பேரைச் சொல்லிக் கத்தினீங்க. உடனே வரலாம்னுதான் பாத்தேன். அப்புறம், எத்தனை தடவ கூப்பிடறீங்கனு பாக்கோணும்னு இருந்துச்சு." ரேணுகாவுக்கு அந்த வெயில், டீசல் புகை, தன் குரல், எல்லாம் வேறொரு பக்கத்திலிருந்து தெரிந்தன, கூண்டுக் கம்பிக்குப் பின்னாலிருந்து, ஒரு குள்ளமான உயரத்திலிருந்து, தலை கலைந்து ஓடுகிற ஒரு பெண்ணாக அவளே அவளுக்குத் தெரிந்தாள். "எத்தனை தடவ கூப்பிட்டேன்?" என்று கேட்டாள். "பதினொண்ணு," என்றாள் மிதுனா. "பத்துக்குள்ள நிறுத்திட்டா வெள்ளரிக்கா அம்மாகூடப் போயிரலாம்னு நெனச்சிருந்தேன்."

மன்னிப்பு என்ற வார்த்தை ரேணுகாவின் வாய்க்கு வந்தது, அந்த முகத்துக்கு முன்னால் அது செல்லாது போல இருந்தது. மிதுனா டம்ளரைக் கழுவி வைத்தாள், கையைத் துடைத்தாள், தன் அறை வாசலில் போய் நின்று திரும்பினாள். முதல் முறையாக அவள் முகத்தில் பிடிவாதம் மாதிரி ஒன்று தெரிந்தது. "இப்பக் கூப்பிடுங்க சித்தி" என்றாள். "அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரியே." கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. ரேணுகா கூடத்தில் நின்று, "மிதுனா" என்றாள். குரல் சாதாரணமாக வந்தது, சாப்பிடக் கூப்பிடுகிற குரல். "மிதுனா!" என்றாள், கொஞ்சம் உரக்க. உள்ளே மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற அமைதி, கதவுக்கு அந்தப் பக்கம் வெகுதூரம் இருப்பது போல, அங்கே வேறொரு ஊரும் வேறொரு மத்தியானமும் இருப்பது போல. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவளுக்கே தெரியாமல் குரல் உடைந்தது, எதிர்வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு அது பெரிதாக வந்துவிட்டது, "மிதூ!"

"அப்படித்தாங்க," என்றது உள்ளேயிருந்து பிள்ளையின் குரல், மெதுவாக. "இன்னும் கூப்பிடுங்க."

ரேணுகா இரண்டு கையையும் கதவில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.